எட்டு டொமைன் வாங்கினா எட்டு ஏரியாவும் நமக்கா? போனஸ் காசைப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன வாரம் ஒரு தம்பி நமக்கு மெயில் அனுப்பியிருந்தார். சென்னையில ஐ.டி. வேலை. அவரோட அண்ணன் மேடவாக்கத்துல ஏசி சர்வீஸ் கடை வச்சிருக்கார். கூட ரெண்டு பசங்க வேலை பார்க்கிறாங்க. கோடைக்கு முன்னாடி கொஞ்சம் விளம்பரம் பண்ணலாம்னு விசாரிச்சப்போ, ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர் இப்படி ஒரு பேக்கேஜ் சொல்லியிருக்கார்:

"வேளச்சேரி ஏசி சர்வீஸ், தாம்பரம் ஏசி சர்வீஸ், மடிப்பாக்கம் ஏசி சர்வீஸ்னு எட்டு ஏரியா பேர்ல எட்டு டொமைன் எடுத்துடலாம் சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெப்சைட். யார் எங்க இருந்து தேடினாலும் உங்க கடைதான் முதல்ல வரும். மொத்தமா 40,000 ரூபாய். டொமைன்ங்கிறது இடம் வாங்கிப் போடுற மாதிரி, வேற யாராவது எடுக்கிறதுக்குள்ள எடுத்துடுங்க."

அண்ணன்கிட்ட அவ்வளவு காசு இல்ல. தம்பிக்கு இந்த மாசம் போனஸ் வந்திருக்கு. எமர்ஜென்சி ஃபண்டுக்குன்னு ஒதுக்கி வச்ச பணம் அது. "அண்ணனுக்காக இதை எடுத்துப் போடலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

சுருக்கமான பதில்: வேண்டாம். ஆனா ஏன் வேண்டாம்னு புரிஞ்சாதான், அடுத்து வேற ஒருத்தர் வேற பேர்ல இதையே விற்க வரும்போது நீங்க தப்பிக்க முடியும். அதனால முழுசா பார்த்துடலாம்.

கூகுள்ல "ஏசி சர்வீஸ்"னு தேடினா என்ன நடக்குது?

உங்க போன்லயே தேடிப் பாருங்க. ரெண்டு விதமான ரிசல்ட் வரும். மேல ஒரு மேப், அதுக்குக் கீழ மூணு கடை: பேர், ஸ்டார், போன் பட்டன். அதுக்கும் கீழதான் வழக்கமான வெப்சைட் லிங்க் எல்லாம் வரும்.

அவசரத்துக்கு ஆள் தேடுறவர் பெரும்பாலும் அந்த மேப்ல இருக்கிற கடைக்குத்தான் போன் போடுவார். அந்த மேப்ல வர்றது உங்க வெப்சைட் இல்ல, உங்க கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். முன்னாடி கூகுள் மை பிசினஸ்னு சொல்லிட்டிருந்தாங்க, 2021-ல பேர் மாத்தினாங்க. இது முழுக்க இலவசம்.

மேப்ல எந்தக் கடையைக் காட்டணும்னு முடிவு பண்ண கூகுள் முக்கியமா மூணு விஷயம் பார்க்கும்:

1. பொருத்தம்: தேடினவர் கேட்ட வேலையை நீங்க செய்றீங்களா?
2. தூரம்: தேடுறவர் இருக்கிற இடத்துக்கும் உங்க கடைக்கும் எவ்வளவு தூரம்?
3. பிரபலம்: உங்க கடையைப் பத்தி எத்தனை பேர் ரிவ்யூ எழுதியிருக்காங்க, எத்தனை ஸ்டார், இணையத்துல வேற எங்கெல்லாம் உங்க பேர் வருது?

இந்த மூணுல எதிலயாவது "எத்தனை டொமைன் வச்சிருக்கீங்க"ன்னு ஒரு கேள்வி இருக்கா? இல்ல. மேடவாக்கத்துல இருக்கிற கடை, தாம்பரம்னு பேர் வச்ச டொமைன் வாங்கினதுக்காக தாம்பரத்துக்கு இடம் மாறிடாது. காசு கொடுத்து இந்த லோக்கல் ரேங்க்கை உயர்த்த வழியே கிடையாதுன்னு கூகுள் தன்னோட உதவிப் பக்கத்துலயே சொல்லியிருக்கு. விளம்பரம் போடுறது வேற கணக்கு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

அப்போ ஏஜென்சிக்காரர் பொய் சொல்றாரா?

முழுப் பொய்னு சொல்ல முடியாது. பழைய உண்மையை இன்னிக்கு விற்கிறார்.

ஒரு காலத்துல டொமைன் பேர்லயே தேடுற வார்த்தை இருந்தா ரிசல்ட்ல மேல வர்றது சுலபமா இருந்துச்சு. அதனால ஆளாளுக்கு ஊர் பேரையும் தொழில் பேரையும் சேர்த்து டொமைனா வாங்கிக் குவிச்சாங்க. உள்ள போய்ப் பார்த்தா உருப்படியா ஒண்ணும் இருக்காது. 2012 செப்டம்பர்ல கூகுள் இதுக்குன்னே ஒரு மாற்றம் கொண்டுவந்து, பேர் மட்டும் பொருந்தி உள்ளடக்கம் மோசமா இருந்த தளங்களைக் கீழ தள்ளிடுச்சு. 2015 மார்ச்ல அடுத்த அடி: "டோர்வே"ன்னு சொல்ற வாசல் பக்கங்கள் மேல.

வாசல் பக்கம்னா என்ன? வெளியில எட்டு வாசல், எந்த வாசல்ல நுழைஞ்சாலும் ஒரே கூடத்துக்குத்தான் வருவீங்க. எட்டு வெப்சைட், எட்டு ஏரியா பேர், ஆனா அதே கடை, அதே போன் நம்பர், அதே நாலு பாரா. கூகுளோட ஸ்பேம் கொள்கையில இதுக்குக் கொடுத்திருக்கிற உதாரணங்கள்ல ஒண்ணே இதுதான்: ஊர் ஊரா, வட்டாரம் வட்டாரமா பல டொமைன் வச்சு எல்லாரையும் ஒரே பக்கத்துக்குத் தள்ளிவிடுறது. அந்தத் தம்பிக்குச் சொன்ன பேக்கேஜை வார்த்தைக்கு வார்த்தை விவரிச்ச மாதிரி இருக்கு, இல்லையா?

மாட்டினா அந்த தளங்கள் ரிசல்ட்ல பின்னாடி போகும், இல்ல மொத்தமா காணாமலே போகும். மாட்டாம இருந்தாலும் பெரிய லாபம் இல்ல. டொமைன் பேர்ல இருக்கிற வார்த்தைகளால ரேங்க்ல கிட்டத்தட்ட எந்தப் பலனும் இல்லைன்னு கூகுள், புதுசா வர்றவங்களுக்காக எழுதின எஸ்.இ.ஓ. வழிகாட்டியிலயே சொல்லிடுச்சு.

நல்ல பேரை எட்டா பிரிக்காதீங்க

இதுல யாரும் பேசாத நஷ்டம் ஒண்ணு இருக்கு. அண்ணன் நல்லா வேலை செய்றார்னு வைங்க. ஒரு அப்பார்ட்மென்ட் சங்கம் அவங்க வெப்சைட்ல அண்ணன் கடைக்கு லிங்க் கொடுக்குது. ஒரு வாடிக்கையாளர் ஃபேஸ்புக்ல எழுதுறார். இந்த லிங்க் எல்லாம் ஒரே தளத்துக்கு வந்தா, வருஷம் போகப் போக அந்த தளத்துக்கு ஒரு மதிப்பு சேரும். எட்டா பிரிச்சா? ஒரு குடம் தண்ணியை எட்டு டம்ளர்ல ஊத்தின கதைதான். எதுலயும் தாகம் தீராது.

பெரிய கம்பெனிகள் என்ன பண்றாங்கன்னு பாருங்க. வீட்டுக்கே வந்து ஏசி சர்வீஸ் பண்ற அர்பன் கம்பெனி எத்தனையோ ஊர்ல இருக்கு. ஒரே டொமைன்தான், அதுக்குள்ள சென்னைக்கு ஒரு பக்கம், பெங்களூருக்கு ஒரு பக்கம். ஜஸ்ட்டயல்லயும் அப்படித்தான். ஊருக்கு ஒரு டொமைன் வாங்குற காசு இல்லாமலா அவங்க இப்படி வச்சிருக்காங்க?

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம்: கணக்கு

"40,000 ஒரு தடவைதானே"ன்னு நினைப்பீங்க. டொமைன் நிலம் மாதிரின்னு அவர் சொன்னார் பாருங்க, அங்கதான் சறுக்கல். நிலத்தை வாங்கினா அது உங்களோடது. டொமைனை யாரும் வாங்குறதே இல்ல, வருஷ வாடகைக்கு எடுக்கிறோம். வாடகை கட்டலைன்னா போயிடும். முதல் வருஷம் தள்ளுபடி விலையில குறைவா தெரியும், ரெண்டாவது வருஷம்தான் நிஜ விலை தெரியும். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். விலையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கு வந்த கொட்டேஷனை வச்சு இதே மாதிரி போட்டுப் பாருங்க.

எட்டு டொமைன் வழி:
- முதல் வருஷம் பேக்கேஜ்: 40,000
- ரெண்டாவது வருஷத்துல இருந்து ரின்யூவல், டொமைனுக்கு 1,400 வீதம்: 11,200
- ஹோஸ்டிங்: 6,000
- பராமரிப்பு, ஒரு தளத்துக்கு மாசம் 250 வீதம்: 24,000
- ஆக ரெண்டாவது, மூணாவது வருஷம் ஒவ்வொண்ணுக்கும்: 41,200
- மூணு வருஷ மொத்தம்: 1,22,400 ரூபாய்

ஒரே டொமைன் வழி:
- முதல் வருஷம் தளம், டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து: 12,000
- அடுத்த வருஷங்கள்ல டொமைன் 1,400, ஹோஸ்டிங் 3,000: வருஷத்துக்கு 4,400
- சின்னச் சின்ன மாற்றமெல்லாம் தம்பியே பண்ணிக்கிறார், அதனால பராமரிப்புச் செலவு இல்ல
- மூணு வருஷ மொத்தம்: 20,800 ரூபாய்

வித்தியாசம் 1,01,600 ரூபாய். ஒரு ஏசி சர்வீஸுக்கு 600 ரூபாய் வாங்கி, பையன் கூலி, பெட்ரோல் எல்லாம் போக அண்ணன் கையில 250 நிக்குதுன்னு வைங்க. இந்த ஒரு லட்சத்தைத் திரும்ப எடுக்கவே 400 சர்வீஸுக்கு மேல கூடுதலா வரணும். மூணு வருஷமும், மழை மாசம் உட்பட, மாசம் 11 கூடுதல் சர்வீஸ். லாபக் கணக்கு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

எந்தப் பேக்கேஜ் வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "இந்தக் காசு திரும்பி வர எத்தனை வாடிக்கையாளர் கூடுதலா வரணும்?" பதில் சொல்லத் திணறினா, அங்கேயே நிறுத்திக்கோங்க.

டொமைன் யார் பேர்ல இருக்கு?

ஒரு டொமைனோ பத்து டொமைனோ, பல பேர் மாட்டுற இடம் இது. ஏஜென்சி அவங்க அக்கவுண்ட்லயே, அவங்க மெயில் ஐடியிலயே டொமைனைப் பதிவு பண்ணிடுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களை விட்டு விலகணும்னு நினைச்சா, கடைப் பேர் அவங்க கையில இருக்கும். சாவி அவங்ககிட்ட, வாடகை நம்மகிட்ட!

அதனால:
- டொமைன் பதிவு உங்க அண்ணன் பேர்லயும், அவரோட மெயில், போன் நம்பர்லயும் இருக்கணும்.
- பதிவு செஞ்ச அக்கவுண்ட்டோட லாகின் உங்க கையில இருக்கணும். டொமைனை வேற இடத்துக்கு மாத்தத் தேவையான ஆத் கோடு அங்கிருந்துதான் கிடைக்கும்.
- கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கும் ஓனர் அண்ணன்தான். ஏஜென்சிக்கு வேணும்னா மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்க.

பல டொமைன் வச்சுக்கிறது எப்போ சரி?

எப்பவுமே தப்புன்னு நான் சொல்லல. சில இடத்துல நியாயமான காரணம் இருக்கு:

- ஒரே பேர்ல டாட் காம், டாட் இன் ரெண்டையும் எடுத்து, ஒண்ணைத் தட்டினா இன்னொண்ணுக்குப் போற மாதிரி 301 ரீடைரக்ட் போடுறது. இது பாதுகாப்புக்கு, ரேங்க்குக்கு இல்ல.
- கடைப் பேரை மாத்திட்டீங்க. பழைய டொமைனை விட்டுடாம புதுசுக்கு ரீடைரக்ட் பண்றது. குறைஞ்சது ஒரு வருஷமாவது இதை வச்சிருக்கணும்.
- நிஜமாவே வேற வேற தொழில். அண்ணனுக்கு ஏசி சர்வீஸ், அண்ணிக்கு ஆரி ஒர்க் பிளவுஸ் கடைன்னா ரெண்டு டொமைன் இருக்கிறதுதான் சரி.
- வேற வேற நாடு. அமேசான் இந்தியாவுக்குத் தனி டொமைன் வச்சிருக்குன்னா, இங்க விலை, சரக்கு, டெலிவரி எல்லாமே வேற.

மடிப்பாக்கமும் வேளச்சேரியும் இந்த லிஸ்ட்ல எங்கயுமே வராது.

அப்போ 40,000-ஐ வச்சு என்ன பண்ணலாம்?

அந்தத் தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான்.

முதல்ல செலவே இல்லாத வேலை. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரியா போடுங்க. போர்டுல என்ன பேர் இருக்கோ அதே பேர். "பெஸ்ட் ஏசி சர்வீஸ் வேளச்சேரி தாம்பரம்"னு பேரை நீட்டினா ப்ரொஃபைலையே முடக்கிடுவாங்க, சேர்த்த ரிவ்யூவும் அதோட போயிடும். எட்டு ஏரியாவுல பொய் அட்ரஸ் போட்டு எட்டு ப்ரொஃபைல் எடுக்கிறதும் அதே கதிதான். வீடு தேடிப் போய் வேலை செய்ற தொழிலுக்கு, ஒரே ப்ரொஃபைல்ல 20 ஏரியா வரைக்கும் சேர்க்க கூகுளே இடம் கொடுத்திருக்கு. அதனால மட்டும் தூரத்து ஏரியாவுல ரேங்க் ஏறிடாது, ஆனா எங்கெல்லாம் வருவீங்கன்னு பார்க்கிறவருக்குத் தெளிவா தெரியும்.

ரெண்டாவது, ரிவ்யூ. வேலை முடிஞ்ச அன்னிக்கே வாட்ஸ்அப்ல ரிவ்யூ லிங்க் அனுப்பி, "ரெண்டு வரி எழுதுங்க சார்"னு கேளுங்க. ரிவ்யூ எழுதினா 50 ரூபாய் தள்ளுபடின்னு சொல்லாதீங்க, அது விதிமீறல். காசு கொடுத்து வாங்குற ரிவ்யூ பத்திப் பேச்சே வேண்டாம்.

மூணாவது, ஒரே வெப்சைட், 12,000-க்குள்ள. அதுக்குள்ள ஏரியா பக்கம் வைக்கலாம், ஆனா அந்த ஏரியாவைப் பத்திச் சொல்ல நிஜமா ஏதாவது இருந்தா மட்டும். திருவான்மியூர்ல கடல் காத்து உப்பு, வெளிய இருக்கிற யூனிட் சீக்கிரம் அரிச்சுப் போகும், அதுக்கு என்ன பண்ணணும்னு எழுதலாம். வேளச்சேரியில 2015-லயும் 2023-லயும் வெள்ளம் வந்துச்சு, தரைத்தளத்துல இருக்கிறவங்க அவுட்டோர் யூனிட்டை எவ்வளவு உயரத்துல மாட்டணும்னு எழுதலாம். அண்ணனுக்கு இதெல்லாம் அனுபவத்துல தெரியும். அவர் சொல்லச் சொல்ல தம்பி டைப் பண்ணிடலாம். ஏரியா பேரை மட்டும் மாத்தி எட்டுப் பக்கம் ஒட்டினா, அது ஒரே டொமைனுக்குள்ள இருந்தாலும் வாசல் பக்கம்தான்.

நாலாவது, ஒரு 2,000 ரூபாய்க்கு ஸ்டிக்கர். கடைப் பேர், போன் நம்பர், கடைசியா சர்வீஸ் பண்ண தேதி. சர்வீஸ் பண்ற ஒவ்வொரு ஏசியிலயும் ஒட்டுங்க. ஆறு மாசம் கழிச்சு அவங்க கூகுளையே தேட மாட்டாங்க.

அஞ்சாவது, சீசன் ரெண்டு மாசத்துக்கு கூகுள் விளம்பரம், மாசம் 3,000. எந்த போன் விளம்பரத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வந்த வேலையை விட செலவு அதிகம்னா நிறுத்திடுங்க. நிறுத்தினா அதோட செலவு நின்னுடும், ரின்யூவல் தொல்லை கிடையாது.

ஆக மொத்தம் 20,000. மீதி 20,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கே திரும்பிப் போகட்டும்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?

பதற வேண்டாம். எந்த டொமைன் வழியா ஆள் வர்றாங்கன்னு சர்ச் கன்சோல்ல பாருங்க. ஆள் வர்ற ஒண்ணு ரெண்டை மெயின் தளத்துல பொருத்தமான பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணுங்க. மத்ததுக்கு ஆட்டோ ரின்யூவலை நிறுத்திடுங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: அந்த டொமைன்ல மெயில் ஐடி வச்சு பேங்க்லயோ, ஜிஎஸ்டி தளத்துலயோ பதிவு பண்ணியிருந்தா முதல்ல அதை மாத்துங்க. டொமைன் காலாவதியாகி வேற ஒருத்தர் எடுத்துட்டா, உங்களுக்கு வர வேண்டிய மெயில் அவருக்குப் போக வாய்ப்பு இருக்கு.

சம்பளக்காரங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை

வீட்ல இருக்கிறவங்க தொழிலுக்குக் காசு போடும்போது, அது கடனா, அன்பளிப்பா, பங்கான்னு கொடுக்கும்போதே பேசிடுங்க. அண்ணனுக்கு அன்பளிப்பா கொடுத்தா அவருக்கு அதுக்கு வருமான வரி கிடையாது. ஆனா வெப்சைட் செலவை உங்க கார்டுல கட்டிட்டு, உங்க சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. பணத்தை அண்ணன் அக்கவுண்ட்டுக்கு அனுப்பி, பில்லைக் கடை பேர்ல வாங்கச் சொல்லுங்க. அப்போ அது அவரோட தொழில் செலவா கணக்குல வரும்.

தம்பி நேத்து பதில் போட்டிருந்தார். அண்ணன்கிட்ட இந்த மாசம் சுணங்கினது விளம்பரம் இல்லாம இல்லையாம். வர்ற போனையே எடுக்க முடியலையாம், ஏணி மேல நிக்கும்போது எப்படி எடுக்கிறதுன்னு கேட்டாராம். இப்போ பகல்ல போனை அண்ணிதான் எடுக்கிறாங்க. அதுக்கு ஒரு டொமைனும் தேவைப்படல.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பேக்கேஜ் கொட்டேஷன் வந்திருந்தா, மேல இருக்கிற மாதிரி மூணு வருஷக் கணக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் முடிவு எடுங்க.